தொட்டிக்கட்டும் ஒரு வக்கீலும்



நம் சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பழைய வீடுகளில் நடுவே தொட்டிக்கட்டு இருக்கும். வெயிலும் மழையும் வீட்டுக்குள் வரும், அக்கம்பக்கத்தாரும் வருவார்கள். அப்படி ஒரு தொட்டிக்கட்டால் பேர் பெற்றவர் ரசிகமணி டி.கே.சி.

டி.கே.சிதம்பரநாத முதலியார் சட்டம் படித்தவர். ஆனால் கோர்ட்டைவிடக் கம்பன்தான் அவரை இழுத்தான். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டு வட்டமானது. ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் அங்கே கூடிக் கவிதையை ரசித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கே ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் வந்துவிட்டது.

1930 முதல் 1935 வரை கோயில்களைக் கவனிக்கும் அறநிலைய ஆணையராக இருந்தார். பிறகு அருவியும் சாரலும் பிடித்துப்போய்க் குற்றாலத்திலேயே குடியேறினார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே போனார்கள். ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர். கல்கி நம் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் அவரோடு பணியாற்றியவர். 1954-இல் டி.கே.சி. காலமானார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் நம் பிளாக்கில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அவர் நன்றாகப் பாடுவார் என்பது துக்கம் கேட்கப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆறு வருடம் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறோம்.

நம் கட்டடத்தில் தொட்டிக்கட்டு இல்லை. மொட்டை மாடி இருக்கிறது. அங்கிருந்து மலைக்கோட்டை தெரிகிறது. இனி ஞாயிறு மாலை 5 மணிக்கு நான் அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருப்பேன். வாருங்கள்.