கூலியாக வந்த பருப்பு

அவிநாசிப் பக்கம் அரிசிம்பருப்பு என்றால் துவரைதான். அந்தத் துவரையில் கலப்படம் செய்யப்படும் கேசரிப் பருப்புக்குப் பெரிய சரித்திரம் உண்டு. வறட்சியில் மற்ற பயிர்கள் கருகினாலும் அது நிற்கும். அதனாலேயே மத்திய இந்தியாவில் ஏழைகளின் உணவாயிற்று. ரேவா பகுதியில் பண்ணையாட்களுக்குக் கூலியே அதுதான். மாதக்கணக்கில் அதையே தின்றவர்களுக்குக் கால் விறைத்தது. முதலில் கோல் ஊன்றினார்கள், முற்றியபோது தவழ்ந்தார்கள். இந்த முடக்கத்தை வில்லியம் ஸ்லீமன் 1844இல் வெளியான தன் நூலில் பதிவு செய்தார். 1961இல்தான் விற்பனைக்குத் தடை வந்தது.

நஞ்சு எது? 1964இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.எல்.என். ராவ், பி.ஆர். அடிகா, பி.எஸ். சர்மா மூவரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். சுருக்கப் பெயர் ஓடாப். அது ஓர் அமினோ அமிலம். மூளையில் செய்தி சொல்லும் குளுட்டமேட்டின் சாயல் கொண்டது. நியூரானின் ஏற்பியில் உட்கார்ந்து அதைத் தூண்டும். தூண்டல் அளவு மீறினால் நியூரான் செத்துப்போகும்.

அப்படியென்றால் நம் மூளையின் சொந்தக் குளுட்டமேட் ஏன் நம்மைக் கொல்வதில்லை? நியூரான்களுக்கு இடையே அதைச் சிதைக்கும் நொதி எதுவும் கிடையாது. அதை அள்ளி செல்லுக்குள் இழுக்கும் கடத்திப் புரதங்கள்தான் காவல். 1992இல் மூன்று குழுக்கள் தனித்தனியே மூன்று கடத்திகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்தன. ஆனால் கோட் கையில் கிடைத்தால் மட்டும் அது எந்த மெஷினில் ஓடுகிறது என்று தெரிந்துவிடாது. அடுத்த சில ஆண்டுகளில் ஆன்டிபாடி கொண்டு சாயமேற்றிப் பார்த்தார்கள். ஒன்று நியூரானில் இருந்தது. அதிக வேலை செய்யும் மற்ற இரண்டும் பிரதானமாக ஆஸ்ட்ரோசைட்டில் இருந்தன. நியூரானுக்கு வெறும் முட்டுக்கொடுப்பதாக வெகுகாலம் கருதப்பட்ட செல் அது. குளுட்டமேட்டை வாங்கி, சாதுவான குளுட்டமினாக மாற்றித் திருப்பித் தருவதும் அதுதான்.

அதே ஆஸ்ட்ரோசைட்டில் பண்டமாற்று வாசல் ஒன்றும் உண்டு: சிஸ்டின் உள்ளே போகும், குளுட்டமேட் வெளியே வரும். ஓடாபும் இந்த வாசலில் புக முடியும் என்று 2004இல் தெரியவந்தது. நஞ்சு உள்ளே போக, குளுட்டமேட் வெளியே தள்ளப்படுகிறது. ஆக, ஓடாப் ஏற்பியைத் தாக்குவதோடு நில்லாமல் காவல்காரன் வீட்டுக்குள்ளும் நுழைகிறது.

2016இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், ஓடாப் குறைந்த ரகங்களை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்த ரகங்கள் நல்லவையாகவே இருக்கட்டும். ஆனால் பல தானியங்களோடு கொஞ்சமாகச் சேர்த்துச் சாப்பிட்டவர்களை இந்தப் பருப்பு பெரும்பாலும் முடக்கவில்லை. வேறு எதுவும் கிடைக்காமல் இதையே தின்றவர்களைத்தான் முடக்கியது. விதையிலிருந்து ஓடாபைக் குறைக்கலாம். கூலியாக எதைக் கொடுப்பது என்பதை விதை தீர்மானிப்பதில்லை.