உயிர்ச்சத்து டியும் சிறுநீரகமும்

உயிர்ச்சத்து டி (வைட்டமின் டி) கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துகளுள் ஒன்றாகும். உணவின் மூலமோ சூரிய ஒளியின் மூலமோ கிடைக்கும் இச்சத்து அதே வடிவில் உடலில் செயற்படுவதில்லை. முதலில் கல்லீரலிலும், பின்னர் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்த பிறகே செயற்திறன் பெறுகின்றது. எனவே, சிறுநீரகம் பழுதடையும்போது எலும்புகளும் பாதிக்கப்படுகின்றன.

செயற்படு வடிவம் உருவாதல்

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களின் உதவியால் தோலில் உயிர்ச்சத்து டி3 உருவாகின்றது. கல்லீரல் இதனைக் கால்சிடையோல் ஆக மாற்றுகின்றது. சிறுநீரக நுண்குழல்களிலுள்ள ஒரு நொதியம் கால்சிடையோலைக் கால்சிட்ரையோல் ஆக்குகின்றது. இதுவே செயற்படு வடிவம். இது ஓர் இயக்குநீராகச் செயற்பட்டு, சிறுகுடல் கால்சியத்தையும் பாசுபேட்டையும் உறிஞ்ச உதவுகின்றது.

இறுதி மாற்றம் சிறுநீரகத்தில் நிகழ்வதை 1970 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ச்சில் பிரேசர், கோடிசெக் ஆகியோர் கண்டறிந்தனர். சிறுநீரகம் அகற்றப்பட்ட எலிகளில் இம்மாற்றம் நிகழவில்லை. கால்சிட்ரையோலின் வேதிக் கட்டமைப்பு 1971 இல் அறியப்பட்டது.

சிறுநீரக நோயில் விளைவுகள்

நாள்பட்ட சிறுநீரக நோயில் கால்சிட்ரையோல் உற்பத்தி குறைகின்றது. பாசுபேட்டு வெளியேற்றமும் தடைப்படுகின்றது. குருதியில் கால்சியம் குறையும்போது இணைகேடயச் சுரப்பிகள் மிகையாகச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை வெளிக்கொணர்கின்றன. இதனால் எலும்புகள் வலுவிழக்கின்றன.

வழமையான குருதிப் பரிசோதனை கால்சிடையோலையே அளவிடுகின்றது. ஆகையால், பரிசோதனை முடிவு இயல்பாக இருப்பினும் கால்சிட்ரையோல் குறைவாக இருக்கக்கூடும்.

மருத்துவம்

கால்சிட்ரையோல் மருந்தாகவும் கிடைக்கின்றது. ஆல்ஃபாகால்சிடால் என்னும் மருந்து கல்லீரலிலேயே கால்சிட்ரையோலாக மாறுவதால், அதற்குச் சிறுநீரகத்தின் உதவி தேவையில்லை. எனினும், கூழ்மப்பிரிப்பு தேவைப்படாத நிலையிலுள்ள நோயாளிகளுக்கு இவ்வகை மருந்துகளை வழமையாக வழங்க வேண்டாம் என 2017 ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகின்றது.

உயிர்ச்சத்து டி சிறுநீரகத்தைக் காக்குமா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. இரண்டாம் வகை நீரிழிவு நோயுள்ள 1,312 பேரிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2,000 அலகு வீதம் ஐந்தாண்டுகள் உட்கொண்டும் சிறுநீரகச் செயற்பாட்டின் வீழ்ச்சி குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

மிகை உட்கொள்ளல்

உயிர்ச்சத்து டி மிகையானால் குருதியிலும் சிறுநீரிலும் கால்சியம் உயரும். இதனால் சிறுநீரகக் கற்கள் தோன்றலாம். சிறுநீரகத் திசுக்களில் கால்சியம் படிந்து, சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும். சூரிய ஒளியால் இந்நிலை ஏற்படுவதில்லை. ஏனெனில் தோலில் மிகையாக உருவாவதை அவ்வொளியே சிதைத்துவிடுகின்றது. பெரும்பாலும் மாத்திரைகளையும் ஊசிகளையும் அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதே காரணமாகும். ஆகவே, சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரின் கண்காணிப்பின்றி இவற்றை உட்கொள்ளுதல் தீங்கானது.