அப்பாவின் பிஸ்டலும் ஈட்டி மரக் கைப்பிடியும்: ஒரு சின்ன வரலாறு



போன மாதம் ஓ.பி.யில் ஒரு பெரியவர் வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வலது உள்ளங்கையில் கட்டை விரலுக்குக் கீழே ஒரு வெட்டு. மூன்று தையல், டி.டி. ஊசி.

"எப்படி ஐயா ஆச்சு?"

"துப்பாக்கி அறுத்துடுச்சு தம்பி."

ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வச்சிட்டேன். சிரித்துக்கொண்டே போனில் ஒரு போட்டோ காட்டினார். அவருடைய அப்பா காலத்து வெப்லி அண்ட் ஸ்காட் .32 பிஸ்டல். முறையான லைசென்ஸ் உண்டு. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கிய பிறகு துடைக்கும்போது, விரிசல் விட்டிருந்த கைப்பிடி உடைந்து, அந்த முனை கையைக் கிழித்திருக்கிறது.

அடுத்து அவர் கேட்டதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

"பழைய மரம் உளுத்துப் போச்சு டாக்டர். நல்ல ஈட்டி மரத்துல புதுசா போட்டு பாலிஷ் அடிச்சுடலாம்னு இருக்கேன். பழசைத் தூக்கிப் போட்டுடறேன்."

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது மரமே இல்லை!

பழைய துப்பாக்கி என்றாலே மரக் கைப்பிடிதான் நம் நினைவுக்கு வரும். அது பாதி உண்மை. கொஞ்சம் பின்னாடி போவோம்.

எங்கள் புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை இருக்கிறது அல்லவா? 1782 பிப்ரவரியில் அந்தக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கியில் குழலைத் தாங்கும் உடம்பு, பிடிக்கும் பிடி எல்லாமே ஒரே மரத்தில் செதுக்கியது. ஐரோப்பாவில் அதற்குப் பிடித்த மரம் வால்நட். நம்ம காஷ்மீர் அக்ரூட் மரம்தான். எடை அதிகம் இல்லை, அதிர்ச்சியைத் தாங்கும், காய்ந்த பிறகு சுருங்கி முறுக்கிக்கொள்வது குறைவு.

1836-ல் சாமுவேல் கோல்ட் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். ரிவால்வரின் உடம்பு முழுக்க உலோகம். மரம் வெறும் கைப்பிடியாகச் சுருங்கியது.

அடுத்து வந்தது தானியங்கி பிஸ்டல். 1900-களின் தொடக்கத்தில் ஜான் பிரவுனிங் போன்றவர்கள் குண்டு நிரப்பும் மேகசினைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்தார்கள். இப்போது மரத்துக்கு இடமே இல்லை! இரண்டு பக்கமும் மெல்லிய பட்டைதான் ஒட்ட முடியும். மரத்தை அவ்வளவு மெல்லிசாகச் சீவினால் திருகாணி போடும் இடத்தில் பிளக்கும்.

அதனால் பல கம்பெனிகள் வேறு பொருளுக்குப் போனார்கள். ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கினால் கல் போல் இறுகும். அதுதான் எபோனைட், இன்னொரு பெயர் வல்கனைட். தாத்தாக்கள் வைத்திருந்த கருப்பு பேனா ஞாபகம் இருக்கா? அதே பொருள். அந்தக் காலத்துப் பல்செட்டின் அடிப்பகுதியும் இதில்தான் செய்தார்கள். நம் பெரியவர் கையைக் கிழித்ததும் இதுதான்.

இதற்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சம் பட்டுப் பட்டு, வருஷக்கணக்கில் கருப்பு நிறம் பழுப்பாக மாறும். பார்த்தால் அச்சு அசல் மரம் போலவே இருக்கும். ஐயா ஏமாந்தது இங்கேதான்.

சரி, இது வெறும் கைப்பிடி தானே, மாத்தினால் என்ன என்று கேட்கலாம். இரண்டு கதை சொல்கிறேன்.

1878-ல் ஆங்கிலேய அரசு ஆயுதச் சட்டம் கொண்டு வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு. அதனால்தான் புதுச்சேரி முக்கியமானது. இன்று நாம் ஈ.சி.ஆரில் இரண்டு மணி நேரத்தில் போய்விடும் ஊர், அன்று பிரெஞ்சு மண். வாஞ்சிநாதன் துப்பாக்கி சுடப் பழகியது அங்கே, வ.வே.சு. ஐயரிடம். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். ஒரு இந்தியன் கைக்குப் பிஸ்டல் வருவதே எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அது சாட்சி.

இரண்டாவது, பகத்சிங். 1928 டிசம்பர் 17, லாகூர், சாண்டர்ஸ் கொலை வழக்கு. அதில் சம்பந்தப்பட்ட .32 கோல்ட் பிஸ்டல் பின்னாளில் இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்துக்கு வந்தது. பல வருஷம் மற்ற துப்பாக்கிகளோடு சும்மா இருந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏன்? துருப்பிடிக்கக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் கருப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள்! பெயின்டை எடுத்த பிறகுதான் 168896 என்ற எண் தெரிந்தது. ஆவணத்தோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. இன்று அது பஞ்சாபில், அவர் உடல் எரிக்கப்பட்ட ஹுசைனிவாலாவில் காட்சிக்கு இருக்கிறது.

நல்ல எண்ணத்தில் அடித்த ஒரு பூச்சு, ஒரு நாட்டின் நினைவையே மறைத்து வைத்திருந்தது. நம் வீட்டு பாலிஷும் அப்படித்தான்.

ஐயாவிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பழைய துப்பாக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தாத்தாவின் அரிவாள், பாட்டியின் அருவாமனை, எதற்கும் இது பொருந்தும்.

👉 முதலில் அது எந்தப் பொருள் என்று பாருங்கள். எபோனைட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், அச்சில் வார்த்த கோடுகளும் கம்பெனி முத்திரையும் போய்விடும். திரும்ப வராது.

👉 உபயோகத்துக்கு மரம்தான் வேண்டும் என்றால் நன்றாகக் காய்ந்த வால்நட் நல்லது. மரத்தின் ரேகை கைப்பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். திருகாணியை வெறி பிடித்து முறுக்கக் கூடாது. நம்ம கடலோரக் காற்றில் மரம் ஈரம் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். இறுக்கிய இடத்தில்தான் முதலில் பிளக்கும்.

👉 ஈட்டி அழகுதான், உறுதியும்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைப் பாதுகாக்க 1994-லேயே தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். கணக்கில் வராத துண்டை வாங்காதீர்கள். டாக்டராக இன்னொன்று: ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு, தடிப்பு கொண்டு வரும். கையில் புதுத் தையலோடு அதை இழைக்கவே கூடாது.

👉 துப்பாக்கி வேலையை லைசென்ஸ் உள்ள கடையில் மட்டும் கொடுங்கள். பழுது பார்ப்பதற்கும் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

👉 புதுசு போட்டாலும் பழசைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு துணியில் சுற்றி, வெளிச்சம் படாமல், யாருடையது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தையல் பிரிக்க வந்தார். புண் சுத்தமாக ஆறியிருந்தது.

"ஐயா, கைப்பிடி என்ன ஆச்சு?"

"கடையில வால்நட்டுக்குச் சொல்லியிருக்கேன். பழசைக் கழட்டினப்போ உள்பக்கம் எங்கப்பா ஆணியால ரெண்டு எழுத்து கீறி வச்சிருந்தார் டாக்டர். அம்மா பேரோட முதல் எழுத்தும் அவர் பேரோட முதல் எழுத்தும். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது."

அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா இருந்தது. உடைந்த இரண்டு துண்டும் உள்ளே, பஞ்சில்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். தேய்க்கும் முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.