அவள் எங்கே படுத்து உறங்கினாள்?

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய தோட்ட மாளிகைகள் பல இன்று சுற்றுலாத் தலங்கள். சிலவற்றில் அந்தக் காலத்து உடை அணிந்தவர்கள் அன்றைய வாழ்க்கையை நடித்துக் காட்டுகிறார்கள். 'வாழும் வரலாறு' என்று இதற்குப் பெயர். சில மாளிகைகளில் இரவு தங்கவும் முடியும். விருந்தினருக்குக் கிடைப்பது எசமானியின் கட்டில். அந்தக் கட்டிலுக்கு விரிப்புப் போட்ட அடிமைப் பெண் எங்கே உறங்கினாள்?

இந்தக் கேள்விக்கு ஒரு பாதிப் பதிலைத் தந்தவர் ஜோசப் மெக்கில். உள்நாட்டுப் போரில் போரிட்ட கறுப்பினப் படைவீரராக வேடமேற்று நடித்து வந்தவர். 2010இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அருகே, மக்னோலியா தோட்டத்தில் அடிமைகள் வாழ்ந்த குடிலின் தரையில் ஓர் இரவு உறங்கினார். அதன்பின் 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய குடியிருப்புகளில் தங்கியிருக்கிறார். மாணவர்களும், அடிமைகளின் வழிவந்தவர்களும், எசமானர்களின் வழிவந்தவர்களும்கூட அவருடன் தங்குகிறார்கள்; பேசுகிறார்கள். கவனிப்பாரற்று இடிந்துவரும் குடில்களைக் காப்பதே நோக்கம். அதன் தேவை பெரிது. 2022இல்கூட மிசிசிப்பியில் அத்தகைய குடில் ஒன்று சொகுசுத் தங்குமிடமாக இணையத்தில் விளம்பரப்படுத்தப்பட்டு, கண்டனம் எழுந்த பிறகே நீக்கப்பட்டது.

ஆனால் ஒரு குடில் எஞ்சியிருந்தால்தான் அதில் போய்ப் படுக்க முடியும். அடிமைப் பெண்கள் பலருக்குக் குடிலே இல்லை. சமையற்காரி அடுக்களைக்கு மேலேயோ பக்கத்திலோ இருந்த அறையில் படுத்தாள். பணிப்பெண் எசமானியின் அறைத் தரையிலோ கதவுக்கு வெளியிலோ விரிப்பைப் போட்டுப் படுத்தாள். நள்ளிரவில் கூப்பிட்டால் எழ வேண்டும். குழந்தை அழுதால் தூக்க வேண்டும். காலையில் விரிப்பைச் சுருட்டியதும் அவள் அங்கே இருந்ததற்கான தடயமே இருக்காது. கட்டடங்களை மட்டும் நம்பும் வரலாறு இவளைத் தவறவிடுகிறது.

அறை எஞ்சியிருந்தாலும் அது மதிக்கப்படும் என்று சொல்ல முடியாது. தாமஸ் ஜெபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையில் சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் அறை, 1941இல் பார்வையாளர்களுக்கான கழிப்பறையாக மாற்றப்பட்டது. ஜெபர்சனின் பிள்ளைகளைப் பெற்ற அடிமைப் பெண் அவர். 2018இல்தான் அந்த அறை அவர் கதையைச் சொல்லும் காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

பெண்ணுக்கு இரவு ஓய்வு நேரமாகவும் இருக்கவில்லை. தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்று வர்ஜீனியா 1662இல் சட்டம் இயற்றியது. எசமானனின் வன்முறையில் பிறந்த பிள்ளையும் அவன் உடைமையே ஆனது. வட கரோலினாவின் ஈடன்டனில் ஹேரியட் ஜேக்கப்ஸ் எசமானனின் தொல்லையிலிருந்து தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஏறக்குறைய 7 ஆண்டுகள் ஒளிந்திருந்தார். நீளம் 9 அடி, அகலம் 7 அடி, மிக உயர்ந்த இடத்தில் 3 அடி. நிமிர்ந்து நிற்க முடியாது. சிறு துளை வழியே தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1861இல் அவர் புனைபெயரில் வெளியிட்ட தன்வரலாற்றைப் பின்னாளில் பலர் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். 1980களில் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் ஆவணங்களைக் கொண்டு அது உண்மை என்று நிறுவினார்.

இவற்றை நடித்துக் காட்டலாமா? 1994இல் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் கிறிஸ்டி கோல்மன் என்ற கறுப்பினப் பெண் அடிமை ஏலம் ஒன்றை நிகழ்த்தினார். விற்கப்படும் கர்ப்பிணியாகத் தானே நடித்தார். துயரம் கேளிக்கையாகிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் நடிக்காமல் விட்டபோது மிஞ்சியது எசமானியின் கட்டில் மட்டும்தானே?

ஓர் இரவு தரையில் படுப்பவர் விடிந்ததும் வீடு திரும்புவார். அடிமையின் வலி அவருக்குத் தெரிந்துவிடாது. அந்தத் தரையில் ஒருத்தி படுத்திருந்தாள் என்பது தெரியும். பழைய மாளிகை எதற்குள் நுழைந்தாலும் வழிகாட்டியிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: இங்கே வேலை செய்த பெண் எங்கே உறங்கினாள்?