கிகாயோன்

யோனா தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த செடியின் எபிரேயப் பெயர் கிகாயோன். யோனாவின் 4ஆம் அதிகாரம் தவிர, வேதாகமத்தில் வேறெங்கும் இச்சொல் இல்லை. எகிப்தியர் விளக்கெண்ணெயைக் ‘கிக்கி’ என்றதாக எரோதோத்து எழுதியிருக்கிறார். ஆகவே தமிழ் வேதாகமம் ஆமணக்கு என்றது பொருத்தமாகவே படுகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது சுரைக்கொடி. எரோனிமுஸ் அதை இலத்தீனில் ஐவிக்கொடி என்று மாற்ற, ஒயேயா நகரச் சபையில் (இன்றைய லிபியாவின் திரிப்பொலி) அமளி மூண்டது. அகஸ்தீன் 403இல் அதை அவருக்கே எழுதித் தெரிவித்தார்.

பெயரைவிட அந்தச் செடி செய்த வேலை பெரிது. தான் நட்டு வளர்க்காத அது பட்டுப்போனதற்கு யோனாவுக்குச் சாகுமளவு எரிச்சல்; கடவுள் அவரை அனுப்பிய நினிவே நகரம் அழிவுக்குத் தப்பிப் பிழைத்ததற்கும் எரிச்சல். மீன் வயிற்றில் கீழ்ப்படியக் கற்றவர், இரங்கக் கற்கவில்லை. விசுவாச வாழ்வில் இதுவே கடினம் என்பேன்: அனுப்பிய ஊருக்குப் போய்விடலாம், அங்குள்ளவர்களை நேசிப்பது வேறு. அந்தக் கிகாயோனைக் காட்டித்தான் கடவுள் நினிவேயின் 1,20,000க்கும் மேற்பட்ட மக்களுக்காகப் பரிந்து பேசுகிறார். அவர்களுடைய கால்நடைகளையும் கணக்கில் சேர்க்கிறார்.