நாடக அரங்கில் இன்டர்ன்ஷிப்: வேலை உண்டு, சம்பளம் உண்டா? அமெரிக்க நிலவரம் இதோ!

அமெரிக்க நாடகம்னாலே நியூயார்க்கின் பிராட்வேதான் நினைவுக்கு வரும். ஆனால், மற்ற நகரங்களிலும் தொழில்முறை அரங்குகள் உண்டு. இவைதான் ரீஜினல் தியேட்டர்கள். மினியாபோலிஸில் 1963-ல் தொடங்கிய கத்ரி தியேட்டர் முக்கிய உதாரணம்.

என்ன வேலை?

நடிக்கலாம்னு போனால், முதலில் கைக்கு வருவது துடைப்பம்தான். ஒத்திகைத் தரையில் டேப் ஒட்டி செட் அளவைக் குறிப்பது, உடைகளைத் துவைத்து இஸ்திரி போடுவது, மேடைப் பொருட்களை எடுத்து வைப்பது எல்லாம் இன்டர்ன் வேலையே.

எத்தனை மணி நேரம்?

ஒளி, ஒலியைச் சேர்த்துப் பார்க்கும் 'டெக்' ஒத்திகையில் '10 அவுட் ஆஃப் 12' முறை பிரபலம். அதாவது 12 மணி நேரத்தில் 10 மணி நேர வேலை. இது சங்க நடிகர்களுக்கான வரம்பு. இன்டர்ன்கள் இவர்களுக்கு முன்னரே வந்து, பின்னர் கிளம்ப வேண்டியிருக்கும்.

சம்பளம்?

லாப நோக்குள்ள நிறுவனம் என்றால், பயன் யாருக்கு அதிகம், கற்பவருக்கா நிறுவனத்துக்கா என 7 அம்சங்களை வைத்துப் பார்க்கும் விதியை 2018-ல் தொழிலாளர் துறை ஏற்றது. ஆனால், ரீஜினல் தியேட்டர்கள் பெரும்பாலும் லாப நோக்கற்றவை. அங்கே சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் பொதுவாக அனுமதிக்கப்படுகிறது.

விளைவு? மாதாமாதம் வீட்டிலிருந்து பணம் வந்தால்தான் பலரால் தாக்குப்பிடிக்க முடியும். அதனால் சேரும் முன்பே உதவித்தொகை, தங்குமிடம், விடுமுறை நாள் பற்றி எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.