பட்டமும் விருதும்: இந்தியக் குடியரசின் சிறப்புகள் பற்றிய ஓர் ஆய்வு

பட்டம், விருது என்னும் இரண்டும் இக்காலத்து ஒருபொருட் சொற்களாகவே வழங்கி வருகின்றன. மேடையில் பேசுவோரும் செய்தித்தாள் எழுதுவோரும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைத் தயக்கமின்றி ஆளுகின்றனர். ஆயினும், இவ்விரண்டன் வேறுபாட்டை வரையறுத்துக் கூறும் பொறுப்பு 1995-ஆம் ஆண்டில் இந்திய உச்சநீதிமன்றத்தின்பால் வந்து சேர்ந்தது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் நிலைபெறுமா, அரசியலமைப்புக்கு முரணானவை என நீங்குமா என்பதே ஐந்து நீதிபதிகள் கூடி ஆராய்ந்த அவ்வழக்கின் வினா. அதற்குரிய விடை, ஒருவர் பெயரின் முன்னே அச்சொல் நிற்கலாமா என்னும் சிறு செய்தியில் வந்து முடிந்தது. பெயர்முன் நிற்கும் சிறப்புச் சொல்லைப் பற்றித் தமிழ் இலக்கண ஆசிரியர்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே எண்ணியுள்ளனர். ஆதலின் இவ்வரலாற்றைத் தமிழ் கற்பார் நோக்கில் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், சிறப்பினால் வந்த பெயரும் இயற்பெயரும் ஒருங்கு வருமிடத்து இயற்பெயரை முற்படக் கூறலாகாது என விதி செய்தார். ஏனாதி நல்லுதடன் என்பது உரையாசிரியர் காட்டும் உதாரணம். ஏனாதி என்பது படைத்தலைவன் அரசனிடத்துப் பெற்ற சிறப்பு. நல்லுதடன் என்பது பெற்றோர் இட்ட பெயர். சிறப்பாவது மன்னர் முதலாயினோரிடம் பெறும் வரிசை என்று உரைகள் விளக்கும். கல்வியால் வரும் பெயரும் இவ்வாறே முற்பட நிற்கும் என்பதற்குத் தெய்வப்புலவன் திருவள்ளுவன் எனக் காட்டுவர். படைச் சிறப்பு, கல்விச் சிறப்பு என்னும் இவ்விரண்டையும் நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம். இவை மீண்டும் நம்முன் வரும்.

அரசன் அளித்த சிறப்பு வெறுஞ் சொல்லாக மட்டும் நின்றதில்லை. நன்னூலுக்கு மயிலைநாதர் வரைந்த உரையில் எட்டிப்பூ, காவிதிப்பூ, எட்டிப்புரவு, காவிதிப்புரவு என்னும் தொடர்கள் வருகின்றன. எட்டி வணிகர்க்குரிய பட்டம். காவிதி அமைச்சர், வேளாளர் முதலியோர்க்குரியது. பூ என்பது பட்டத்தின் அடையாளமாக அளித்த பொற்பூ. புரவு என்பது அதனோடு சேர்த்து விட்ட நிலம். பெயரும் பூவும் நிலமும் ஒருசேர வந்தமையால் பட்டம் பெற்றவன் ஊரார்க்கு மேற்பட்ட ஒருவனாகிவிட்டான். மணிமேகலையில் வரும் எட்டி குமரனை நோக்கின், பட்டம் குடும்பத்திற்கு உரியதாகி மகனையும் சுட்டத் தொடங்கிய நிலை புலனாகும்.

சோழர் காலத்தில் இது மேலும் வளர்ந்தது. மூவேந்தவேளான், பிரமராயன், பல்லவராயன் என்று முடியும் பெயர்கள் கல்வெட்டுகளில் மலிந்து கிடக்கின்றன. அவற்றுட் பலவற்றில் அதிகாரியின் இயற்பெயர் யாது என அறிவதே அரிதாகின்றது. பட்டம் பெயரை விழுங்கிவிட்டது. பெரியபுராணம் பாடிய ஆசிரியரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர் என்பதும், அவர்க்கு அரசன் அளித்த பட்டம் உத்தமசோழப் பல்லவராயன் என்பதும் சேக்கிழார் புராணம் கூறுவன. உலகம் அவரை அவ்விரண்டாலும் அழையாது குடிப்பெயரால் சேக்கிழார் என்றே அழைப்பது ஒரு வியப்பு. விருது என்னும் சொல்லும் பழைய வழக்கில் பட்டத்தையே குறித்தது என்பதை மறத்தலாகாது. மகேந்திரவர்ம பல்லவன் தன் குடைவரைகளில் மத்தவிலாசன், விசித்திரசித்தன் என்று தனக்குத் தானே சூட்டிப் பொறித்துக்கொண்டவை விருதுப்பெயர்கள் என்றே ஆய்வாளரால் சுட்டப்படுகின்றன. தனக்குத் தானே விருது அளித்துக்கொள்ளும் வழக்கம் அப்பல்லவனோடு முடிந்துவிட்டது என்று கூற இயலாமைக்கு வருந்துகின்றோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1861-இல் இந்திய விண்மீன் என்னும் சிறப்பு வரிசை விக்டோரியா அரசியார் பெயரால் நிறுவப்பட்டது. அதற்குக் கீழே ராவ்சாகிப், ராவ்பகதூர், திவான்பகதூர் முதலிய பட்டங்கள் பரவின. சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை ராவ்பகதூர் ஆனார், 1906-இல் உ. வே. சாமிநாதையர் மகாமகோபாத்தியாயர் ஆனார். தொண்டுக்கு உரிய மதிப்பே இவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டத்தின் வேர் அரசனிடத்து வைக்கும் பற்றில் இருந்தது. அவ்வேரை அறுத்தவர்களும் உண்டு. சென்னையைச் சார்ந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியாவின் தன்னாட்சி வேண்டி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு 1917-இல் எழுதிய மடல் கண்டிக்கப்பட்டபோது, தம் 'சர்' பட்டத்தையும் திவான்பகதூர் பட்டத்தையும் 1918-இல் துறந்தார். சாலியன்வாலாபாகுப் படுகொலைக்குப் பின் 1919 மே மாதத்தில் தாகூர் செய்தது உலகறிந்தது. சுப்பிரமணிய ஐயர் அதற்கு முந்தியவர் என்பது தமிழ்நாட்டிலேயே பலர்க்குத் தெரியவில்லை.

இத்துறவுகளின் நினைவு மாறாத காலத்தில் அரசியலமைப்பு உருவாயிற்று. 1947 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையின் முன் வந்த வரைவு, வழிவழி உரிமையாகும் பட்டங்களை மட்டுமே விலக்கியது. மினூ மசானி 'வழிவழி' என்னும் அடைமொழியை நீக்கி எல்லாப் பட்டங்களையும் விலக்க வேண்டும் என்றார். அதே வேளையில், அறிவியல், கலை முதலிய துறைகளில் விளங்கும் குடிமக்களைப் பட்டமல்லாத வேறு வகையால் அரசு சிறப்பிக்கத் தடையில்லை எனவும் கருதினார். பின்னாளில் உச்சநீதிமன்றம் பற்றிக்கொண்ட கருத்தின் விதை இதுவே. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு, படைத்துறைச் சிறப்பும் கல்விச் சிறப்பும் அல்லாத எப்பட்டத்தையும் அரசு வழங்கலாகாது என விதித்தது. தொல்காப்பிய உரைகள் காட்டிய ஏனாதியும் புலவனும் மட்டும் வாயிலில் நின்று உட்புகுந்தனர். எட்டியும் காவிதியும் வெளியே நிறுத்தப்பட்டனர். சட்டம் இயற்றியோர் தொல்காப்பியம் கருதினர் என்பது எம் கூற்றன்று. மன்னராட்சியிலும் குடியாட்சியிலும் இவ்விரண்டு சிறப்புகளும் தனியே வைத்து எண்ணப்பட்டன என்பதே யாம் கூறுவது.

பிரிவு நடைமுறைக்கு வந்த நான்காண்டுக்குள், 1954 சனவரி 2-ஆம் நாள், பாரத ரத்னாவும் பத்ம விபூஷணும் நிறுவப்பட்டன. பத்ம விபூஷண் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என முப்பிரிவாக முதலில் இருந்தது. 1955 சனவரியில் அவை பத்ம விபூஷண், பத்மபூஷண், பத்மஸ்ரீ எனத் தனித்தனிப் பெயர் பெற்றன. கலை, இலக்கியம், அறிவியல், உயர்ந்த பொதுத்தொண்டு ஆகியவையே பாரத ரத்னாவுக்கு உரிய துறைகளாக அன்று வகுக்கப்பட்டன. மனித முயற்சி எத்துறையினதாயினும் பொருந்தும் என்ற விரிவு 2011-இல் வந்தது.

முதல் ஆண்டில் பாரத ரத்னா பெற்றோர் மூவர்: இராசகோபாலாச்சாரியார், திருத்தணியிற் பிறந்த இராதாகிருஷ்ணன், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன். இம்மூவருள் இருவர் ஆங்கில அரசால் 'சர்' ஆக்கப்பெற்றவர்: இராமன் 1929-இல், இராதாகிருஷ்ணன் 1931-இல். இராதாகிருஷ்ணன் விடுதலைக்குப் பின் அப்பட்டத்தை வழங்குவதை விட்டார். இராமனையோ இன்றும் 'சர் சி. வி. இராமன்' என்றே நம்மவர் எழுதுகின்றனர். 'பாரத ரத்னா இராமன்' என்பார் மிகச் சிலர். பட்டம் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் தன்மைக்கும் விருது ஒட்டாமைக்கும் இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரும் இவ்விடத்து நோக்கத்தக்கவர். ஆங்கிலேயர் காலத்தில் ராவ்பகதூர் பட்டம் பெற்ற அவர் 1959-இல் பத்மபூஷண் பெற்றார். இரு வேறு அரசுகள் ஒரு மனிதரின் தொண்டை இரு வேறு முறையில் மதித்தன. முன்னதை அவர் பெயருக்கு முன் எழுதுவது முறை. பின்னதை எழுதுவது முறையன்று. இவ்வேறுபாட்டைப் புத்தக அட்டை அச்சிடுவோர் அறிந்திருப்பர் என்று எதிர்பார்த்தல் கூடுமோ?

பத்மம் என்பது தாமரை. பதக்கத்தின் நடுவிலும் தாமரை மலரே பொறிக்கப்பட்டுள்ளது. சங்கப் பாடல்களைப் பயின்றார்க்கு இது பொற்றாமரையை நினைவூட்டும். பாணனுக்குப் பொன்னாலாகிய தாமரையும் விறலிக்குப் பொன்னரிமாலையும் அளித்தல் வள்ளல்களின் வழக்கு. மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி 1954-இல் இரண்டாம் வகுப்புச் சிறப்பையும், பரதக்கலை வல்ல பாலசரசுவதி 1957-இல் பத்மபூஷணையும் பெற்றபோது, விறலிக்குரிய மாலையன்றிப் பாணனுக்குரிய தாமரையே அவர்கள் கைக்கு வந்தது எனலாம். ஒப்புமையை இவ்வளவில் நிறுத்துகின்றோம். ஏனெனில் பாணன் பெற்ற தாமரை அவன் பசியைத் தீர்த்தது. குடியரசின் தாமரையோடு பொருள் எதுவும் வருவதில்லை. ஒரு பதக்கமும் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட பட்டயமுமே அதன் உடைமை. எட்டிப்பூ வந்தது, எட்டிப்புரவு வரவில்லை.

எனினும் எதிர்ப்பு எழுந்தது. ஆசாரிய கிருபளானி 1969-இல் இவ்விருதுகளை ஒழிக்கும் தனியார் மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார். பின்வாயிலாகப் பட்டங்களே மீண்டும் நுழைந்தன என்பது எதிர்ப்பாளர் கருத்து. மசோதா தோற்றது. ஆனால் 1977 சூலையில் மொரார்சி தேசாய் தலைமையிலான அரசு விருதுகளை நிறுத்தியது. 1980 சனவரியில் இந்திரா காந்தியின் அரசு அவற்றை மீட்டது. நிறுத்திய தேசாயே 1991-இல் பாரத ரத்னாவை ஏற்றுக்கொண்டார் என்பதை வரலாற்றின் குறும்பு எனக் குறித்து மேற்செல்கின்றோம்.

பின்னர்க் கேரளத்திலும் மத்தியப்பிரதேசத்திலும் உயர்நீதிமன்றங்களில் மனுக்கள் எழுந்தன. 1993 முதல் 1997 வரை பத்ம விருதுகள் வழங்கப்படவில்லை. 1995 திசம்பர் 15-ஆம் நாள், தலைமை நீதிபதி அகமதி முதலாய ஐவர் அமர்வு தீர்ப்புரைத்தது. இவ்விருதுகள் 18-ஆம் பிரிவு விலக்கும் பட்டங்கள் அல்ல. சமன்மை என்னும் கோட்பாடு சிறந்த தொண்டை மதிக்க வேண்டா என்று கூறவில்லை. சிறப்புற முயலுதல் குடிமகனின் கடமையென அரசியலமைப்பே கூறுமிடத்து, அவ்வாறு முயன்றாரைப் போற்றும் முறையும் வேண்டும். ஆனால் விருதின் பெயரை இயற்பெயரின் முன்னோ பின்னோ ஒட்டுதல் கூடாது. ஒட்டினார் விருதை இழத்தற்குரியர். இதுவே தீர்ப்பின் சாரம். தேர்ந்தெடுக்கும் முறை செம்மையுற வேண்டும் என்றும், எண்ணிக்கை பெருகி மதிப்புக் குன்றலாகாது என்றும் நீதிபதிகள் கவன்றனர்.

தொல்காப்பியர் 'முன்னே வை' என்ற சொல்லை உச்சநீதிமன்றம் 'முன்னே வையாதே' என்றது. இரண்டும் முரண்போலத் தோன்றினும், ஓருண்மையையே இரு முகமாகக் காட்டுகின்றன என்பது எம் துணிபு. பெயர்க்கு முன்னிற்பதே பட்டம் என்பதில் இலக்கணமும் சட்டமும் ஒத்தன. மன்னராட்சி அதனை விரும்பியது, குடியாட்சி அஞ்சியது. அவ்வச்சம் வீணன்று என்பதற்குப் பெயரிழந்த சோழ அதிகாரிகளே சான்று.

இத்தீர்ப்பு நடைமுறையில் எவ்வளவு செல்லுகின்றது என்பது வேறு செய்தி. சின்னாட்களுக்கு முன் ஒரு தமிழ் அமைப்பின் விழா அழைப்பிதழ் எம் கைக்கு வந்தது. சிறப்புரையாற்றுவார் பெயருக்கு முன் 'பத்மஸ்ரீ' என்னும் சொல் பெயரினும் பெரிய எழுத்தில் நின்றது. அப்பெரியார் அதனை வேண்டியிரார்; அச்சிட்டோரின் அன்பே அது. தொல்காப்பியர் விதி இன்னும் அச்சுக்கூடங்களில் ஆட்சி செய்கின்றது போலும். மற்றொன்று: பாரத ரத்னா பெற்றோர்க்கு அரசின் முன்னுரிமை வரிசையில் ஓரிடம் வகுக்கப்பட்டுள்ளது. அரசவையில் இருக்கை முறையும் பழைய வரிசையின் ஒரு கூறே ஆதலின், பட்டத்தின் சாயல் அறவே நீங்கிற்று என்று கூறுதற்கில்லை. பிரதமராக இருக்கும்போதே 1955-இல் நேருவும் 1971-இல் இந்திரா காந்தியும் இவ்விருது பெற்றமையும் ஐயுறவை வளர்த்தது. ஓராண்டில் மூவர்க்கு மேல் இல்லை என்ற வரம்பு இருந்தும் 2024-இல் ஐவர்க்கு வழங்கப்பட்டது.

அவ்வைவருள் வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் ஒருவர்; அவர் மறைந்தது 2023-இல். மறைந்தார்க்கு வழங்குதல் 1954-இன் விதியில் இல்லை. அடுத்த ஆண்டு சேர்க்கப்பட்டது. 1966-இல் லால்பகதூர் சாஸ்திரியும், 1976-இல் காமராசரும், 1988-இல் எம். ஜி. இராமச்சந்திரனும் இவ்வாறு பெற்றனர். வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டிப் பெயரும் பீடும் எழுதிய மரபினர்க்கு இது புதிதன்று. ஆனால் இதிலும் ஒரு சொல் இடர் விளைத்தது. 1992-இல் சுபாசு சந்திர போசுக்கு 'மறைவுக்குப் பின்' பாரத ரத்னா அளிப்பதாக அறிவிப்பு வந்தபோது, அவர் மறைந்தார் என்பதற்குச் சான்று யாது என வினவி உறவினர் ஏற்க மறுத்தனர், வழக்கும் தொடர்ந்தது. வழங்கப்பெறாமலே நின்ற அவ்வறிவிப்பு நீங்கியதாகவே கொள்ளத்தக்கது என்று 1997-இல் உச்சநீதிமன்றம் முடித்தது. பாரத ரத்னா பெற்றோர் வரிசையில் போசின் பெயர் இல்லை. 'நேதாசி' என்று மக்கள் அளித்த சிறப்புப்பெயர் மட்டும் இலக்கணப்படி அவர் இயற்பெயர்க்கு முன்னே நிற்கின்றது.